நாக்குக் குப்புசாமியின் சம்சாரம்

என் அண்ணி தில்லையம்மாளைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஒரே கூரையின் கீழ் அவளோடு அத்தனை வருஷம் சண்டை போட்டவள் நான். இறந்துபோனவர்களை எல்லாம் மகாலட்சுமி என்று சொல்லிவிடுவது நம் ஊர் வழக்கம். அவள் மகாலட்சுமியும் இல்லை, ஒன்றும் இல்லை. சரியான பிடிவாதக்காரி. ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் அது முடிகிற வரைக்கும் தானும் உட்காரமாட்டாள், நம்மையும் உட்கார விடமாட்டாள்.

ஐயம்பேட்டையிலிருந்து பிள்ளையார்பாளையத்துக்கு மருமகளாக வந்தவள். வந்த புதிதில் ஒரு காரியம் செய்தாள். எங்கள் தெருக் கிணற்றின் கயிறு நைந்துபோயிருந்தது. எல்லாருக்கும் தெரியும், யாரும் மாற்றவில்லை. அவர்கள் வீட்டில் போடட்டும், இவர்கள் வீட்டில் போடட்டும் என்று காத்திருந்தோம். இந்தப் புதுப்பெண் ஒருநாள் காலையில் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், கயிற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, வீட்டுக்கு ஒரு துண்டாக வாசலில் வைத்துவிட்டு வந்தாள். "அறுந்து ஒரு பொம்பள உள்ள விழுந்தா எல்லாரும் ஓடியாரத்தானே போறீங்க? இப்பவே வாங்களேன்" என்றாள். தெருவே அவளை வாய்க்கு வந்தபடி திட்டியது. ஆனால் மதியத்துக்குள் புதுக் கயிறு வந்துவிட்டது. எங்கள் வீட்டு மானத்தை வாங்கிவிட்டாளே என்று நானும் அன்றைக்குத்தான் அவளோடு முதல் சண்டையைப் போட்டேன்.

நான் கங்கையம்மாள். சின்ன வயசிலேயே தாலியைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். பட்டு நூல் இழைத்து என் சாப்பாட்டுக்கு நானே சம்பாதித்தேன். அதனால் வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.

என் அண்ணன் குப்புசாமி சாயக்காரன். வேகவதிக் கரையில் உமாபதி முதலியாருடைய சாயப்பட்டறை இருந்தது. அங்கே பெரிய கொப்பரை அவன் பொறுப்பு. வெள்ளையாக வருகிற பட்டு நூல் சிட்டம் சிட்டமாக, கற்றை கற்றையாக, அவன் கையில் அரக்காகவும் மயில் கழுத்தாகவும் மாம்பழ மஞ்சளாகவும் மாறி வெளியே போகும். கொப்பரையில் சாயம் கொதிக்கும்போது அதில் புளிப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் நூலை இறக்க வேண்டும். புளிப்புக் குறைந்தால் சாயம் பிடிக்காது. கூடினால் நூல் நொந்துபோகும். அதைப் பார்ப்பது நாக்கால்தான். கோல் நுனியிலிருந்து ஒரு சொட்டை இடது உள்ளங்கையில் விட்டு, ஊதி ஆற்றி, நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவான். பட்டறையில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கண்ணைத் திறந்து "ஆச்சு" என்பான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஊரில் அவனுக்கு நாக்குக் குப்புசாமி என்று பெயர். அவன் 'ஆச்சு' என்று சொன்ன நூலில் சாயம் பேதம் வந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நாக்கில் வைத்ததைத் துப்பக் கூடாது. பட்டறை அடுப்புக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் காட்டுவார்கள். அதில் காமாட்சி இருக்கிறாள் என்பது சாயக்காரர்களின் நம்பிக்கை. அவள் எதிரில் எச்சில் துப்புவார்களா? விழுங்கிவிடுவார்கள். எங்கள் அப்பாவும் விழுங்கினார், அவருடைய அப்பாவும் விழுங்கினார். அப்போதெல்லாம் கொப்பரையில் அரக்கும் படிகாரமும் புளிக் கரைசலும்தான். விழுங்கினால் நாலு ஏப்பம் வரும், அவ்வளவுதான்.

ஜெர்மன் சண்டை முடிந்து சீமைச் சாயம் டப்பா டப்பாவாக வந்து குவிந்தபோது புளிக் கரைசல் போய்விட்டது. அதன் இடத்துக்குத் திராவகம் வந்தது. வேலை சுருக்காக முடிந்தது, நிறமும் பளபளவென்று இருந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். கொப்பரைக்குள் இருந்தது அத்தனையும் மாறியது, நாக்கில் வைத்து விழுங்குகிற வழக்கம் மட்டும் மாறவில்லை.

ஒருநாள் மத்தியானம் அண்ணி குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். நான் ஒரு வாய் வைத்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். உப்பு ஒரு கல் கூடினாலும் குறைந்தாலும் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறவன் என் அண்ணன். இன்றைக்கு இவளுக்கு இருக்கிறது பூசை என்று எனக்கு உள்ளுக்குள் குதூகலம். அண்ணன் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு அதையும் சாப்பிட்டான். கையைக் கழுவிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பிவிட்டான். அதன் பிறகுதான் அண்ணி உட்கார்ந்து ஒரு கவளம் வாயில் வைத்தாள். வைத்தவள் அப்படியே என்னைப் பார்த்தாள். எனக்கு இருந்த குதூகலமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மறுநாள் அவன் குளித்துவிட்டு வந்தவுடன் முற்றத்து வெயிலில் நிறுத்தி, "வாயைத் திறங்க" என்றாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. திறந்தான். நாக்கு வெந்த தோல் மாதிரி வெளுத்து, ஓரமெல்லாம் புண்ணாகி, ஈறு செக்கச் செவேலென்று இருந்தது. "சூடும்மா. கொப்பரையாண்ட நிக்கிறேன் இல்ல? எண்ணெய் தேய்ச்சிக் குளிச்சா போயிடும்" என்றான்.

அண்ணிக்கு முனிரத்தினம் ஞாபகம் வந்துவிட்டது. முனிரத்தினம் பக்கத்துப் பட்டறையின் கொப்பரைக்காரர், அவரும் நாக்கில் பார்த்தே பேர் வாங்கியவர். அந்த வருஷம் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். கஞ்சித் தண்ணிகூட இறங்கவில்லை, வயிறு எரிகிறது எரிகிறது என்று கத்துகிறார் என்று சொன்னார்கள். கண் திருஷ்டி என்று அவர் பெண்டாட்டி மிளகாய் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணி அவர் வீட்டுக்குப் போய், அவர் வாயையும் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்தாள். நேராக அண்ணனிடம் போய், "கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு" என்றாள்.

ஊர் ஆஸ்பத்திரியில் அப்போது சாமுவேல் என்று ஒரு டாக்டர் இருந்தார். மெல்லிய மனிதர், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்லுவார். அண்ணன் வாயைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், தொழிலைக் கேட்டார்.

"இது சூடு இல்லப்பா. திராவகம். தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்குது. வாயில இருக்கிற புண்ணு வயித்திலயும் இருக்குது. இப்பவே நிறுத்தினா ஆறும். நிறுத்தலன்னா முனிரத்தினத்துக்கு ஆனதுதான் உனக்கும்" என்றார். பிறகு, "பார்த்துட்டுத் துப்பிடறதுதானே? ஏம்பா முழுங்கறே?" என்று கேட்டார்.

அண்ணன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அடுப்பாண்ட துப்பறதாங்க? அங்க அம்மன் இருக்குதுங்க."

அண்ணி அங்கேயே அவன் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு சத்தியம் வாங்கினாள். இனிமேல் நாக்கில் வைப்பதில்லை என்று சத்தியம் பண்ணினான். இரண்டாம் நாள் சாப்பாட்டுக் கூடையோடு பட்டறைக்குப் போனவள், உள்ளங்கையை நக்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றவனைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை நான் மறக்கமாட்டேன்.

"என் தலைமேல அடிச்சிச் சத்தியம் பண்ணீங்களே!"

"பண்ணேன். அதுக்குன்னு முதலியார் நூலைப் பாழடிக்கச் சொல்றியா? நாக்கில வைக்காம புளிப்பு எப்படித் தெரியும்? கொப்பரை பேசுமா?" சத்தம் போட்டுக்கொண்டே வந்தவன் சட்டென்று குரல் இறங்கி, "அந்த நாக்கு இல்லன்னா நான் யாரு, தில்லை? கோலைப் பிடிச்சிக்கினு நிக்கிற கூலியாளு. அவ்வளவுதானே?" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்காகவும் வந்தது, அவளுக்காகவும் வந்தது.

சரி, விழுங்குவதையாவது நிறுத்துவோம் என்று அண்ணி பட்டறைக்கு வெளியே, வேலி ஓரத்தில் ஒரு குழி தோண்டி வைத்தாள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து துப்பி வாய் கொப்பளித்துவிட்டுப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. அண்ணனும் ஒத்துக்கொண்டான். முதல் நாளே என்ன ஆனது தெரியுமா? வாயை மூடிக்கொண்டு வேகமாக வெளியே வந்தவனுக்கு எதிரே உமாபதி முதலியார் வந்து நின்று, "இன்னா குப்புசாமி, சவுக்கியமா?" என்று கேட்டார். மரியாதைக்காரன் என் அண்ணன். முதலாளி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாமா? மடக்கென்று விழுங்கிவிட்டு, "சவுக்கியம்ங்க" என்றான்! இதை அவனே வந்து சொன்னபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அந்த வாரத்தில் முனிரத்தினம் செத்துப்போனார்.

சாவு வீட்டில் எல்லாரும் விதி என்றார்கள், காலம் என்றார்கள். அண்ணி அழவில்லை. எனக்குத் தெரிந்து அவளுக்குத் துக்கம் வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வரும். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத் தலையை முடிந்துகொண்டே, "இவரு ஒருத்தரைப் பிடிச்சி உலுக்கி ஆகறதில்லை, கங்கா. இன்னும் யார் யாரு இதில இருக்கிறாங்களோ அவங்களைப் போய்ப் பார்க்கணும். நீயும் வா" என்றாள். நான் எதற்கு என்று கேட்டேன். "ரெண்டு பொம்பள போனா துரத்தறது கஷ்டம்" என்றாள்.

முதலில் உமாபதி முதலியார் வீட்டுக்குப் போனோம். நல்ல மனிதர்தான், மோர் கொடுத்து உபசரித்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பாவம்தாம்மா. ஆனா நான் அவனை நாக்கில வையின்னு சொன்னேனா? எனக்குச் சாயம் பேதம் வரக் கூடாது. உடம்பு ஒரு நிறம், முந்தானை ஒரு நிறம்னு வந்தா வாங்கறவன் என் மூஞ்சியில எறிவான். அவன் எப்படிப் பார்க்கிறான்றது அவன் பாடு" என்றார்.

அங்கிருந்து சாயக் கடை ஆதிகேசவ நாயுடுவிடம் போனோம். நாங்கள் போன நேரத்தில் அவர் திராவக ஜாடியில் செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். அண்ணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா நாயுடுகாரு, தண்ணி விடறீங்க?"

"ஜாடி கொறைஞ்சா விடறதுதான் தல்லி. வியாபாரம்னா அப்படித்தான்."

"அப்ப ஒரு ஜாடி போல ஒரு ஜாடி இருக்காதே?"

நாயுடு வெள்ளையாகச் சிரித்தார். "அதுக்குத்தான் உங்க வீட்டுக்காரர் நாக்கு இருக்குதே!"

அண்ணியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். கடையை விட்டு இறங்கினவள் கோயில் மதில் வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள். பிறகு நின்று, "கேட்டியா கங்கா? இவரு தண்ணி ஊத்துவாரு. எவ்வளவு ஊத்தினாருன்னு கண்டுபிடிக்க நம்ம வீட்டு ஆளு குடிக்கணும். நல்லா இருக்குது இல்ல நியாயம்?" என்றாள்.

டாக்டர் சாமுவேலிடமும் போனோம். "நான் சொல்லவேண்டியதைச் சொல்லியாச்சும்மா. பட்டறைக்குள்ள வந்து கையைப் பிடிச்சிக்கினு நிக்க முடியுமா?" என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை. யார் சொன்னதும் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒவ்வொருவரும் தன் கையில் இல்லை என்று அடுத்தவரைக் காட்டினார்கள். கிணற்றுக் கயிறு விஷயத்தில் நாங்களெல்லாம் செய்தது இதைத்தான் என்று எனக்கு அப்போது உறைத்தது. அண்ணிக்கு அது முன்பே உறைத்திருக்க வேண்டும். "இவங்களைத் தனித்தனியா பார்த்தா வேலைக்காகாது. நம்ம வீட்டு ஆளையும் சேர்த்து நாலு பேரையும் ஒரே இடத்தில நிக்க வைக்கணும்" என்றாள்.

அதற்கு ஒரு நாள் வாய்த்தது. பங்குனி உத்திரத்தில் அம்மன் கல்யாணத்துக்கு ஒரு அரக்குப் புடவை சாத்துவது உமாபதி முதலியார் வீட்டு வழக்கம். அதற்கான நூலைக் கொப்பரையில் இறக்கும்போது பட்டறையில் பூசை போடுவார்கள். முதலியார் வருவார். புதுச் சாய டப்பாவையும் திராவக ஜாடியையும் நாயுடு தன் கையால் கொண்டுவந்து கொடுப்பார். அண்ணி ஆஸ்பத்திரிக்குப் போய், "பூசைக்கு வாங்கன்னு கூப்பிடலைங்க, உங்களுக்கு அது வேணாம். ஒரு வைத்தியம் நடக்கப்போகுது, அதுக்கு வாங்க" என்று டாக்டரையும் அழைத்துவிட்டாள். இவள் என்ன செய்யப்போகிறாள் என்று என்னிடம்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலையில் கற்பூரம் காட்டியாயிற்று. கொப்பரை தளதளவென்று கொதித்தது. நாயுடு கொண்டுவந்த திராவகத்தை அண்ணன் கை அளவாக ஊற்றிக் கோலால் கலக்கினான். உள்ளங்கையில் சொட்டு விடக் கோலைத் தூக்கினான். அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து அவன் கையிலிருந்து கோலை வாங்கினாள். பொம்பளை கொப்பரையைத் தொடுவதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. மடியிலிருந்து வாழையிலைத் தொன்னைகளை எடுத்து, கோல் நுனியிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டாள். ஒன்றை முதலியாரிடம் நீட்டினாள், ஒன்றை நாயுடுவிடம், ஒன்றை டாக்டரிடம். ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாமா இது, பிரசாதமா?" என்றார் முதலியார்.

"இல்லைங்க. உங்க கொப்பரைச் சாயம். அவரு தினம் குடிக்கிறது. ஒரு சொட்டுதான். ஒண்ணும் பண்ணாதுன்னுதானே இத்தனை நாளா எல்லாரும் விட்டுட்டீங்க? இன்னைக்கு ஆளுக்கு ஒரு சொட்டு பாருங்க. ஆனா முழுங்கிடணும். இங்க துப்பக் கூடாது, தெரியுமில்ல?"

முதலியார் தொன்னையைப் பார்த்தார். நாயுடு "அய்யய்யோ, எனக்கு வேணாம் தல்லி" என்று இரண்டடி பின்னால் போனார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "சரி, யாருக்கும் வேணாமா? நான் குடிக்கிறேன்" என்று அண்ணி தன் தொன்னையை வாய்க்குக் கொண்டுபோனாள். விளையாட்டுக்கு இல்லை. எனக்கு அவளைத் தெரியும், குடித்தே இருப்பாள்.

என் அண்ணன் பாய்ந்து வந்து அவள் கையில் அடித்தான். தொன்னை பறந்துபோய்ச் சுவரில் விழுந்தது.

"உனக்கு இன்னா பைத்தியமா? உள்ள போனா கொடலு வெந்துபூடும்டீ!" என்று அலறினான்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. அப்படியே நின்றான்.

"இப்ப நீங்க சொன்னீங்களே, அதைத்தான் இத்தனை நாளா நான் சொல்லிக்கினு இருக்கேன்" என்றாள் அண்ணி.

முதலியார் மெல்லத் தொன்னையைக் கீழே வைத்தார். "இன்னா பண்ணணும்ன்றே, சொல்லு" என்றார். அதற்கு மேல் அங்கே நடந்தது பூசை மாதிரி இல்லை, சந்தை மாதிரி இருந்தது. நாயுடுவை முதலியார் பிடித்துக்கொண்டார், முதலியார் விலையை நெருக்கியதால்தான் தண்ணீர் விட்டேன் என்று நாயுடு திருப்பிக் கத்தினார். இனிமேல் தண்ணீர் விடாமல் ஜாடியின் வாயைக் கட்டி ஒரே சீராகக் கொடுத்தால் அதற்குத் தகுந்த விலையைத் தருகிறேன் என்று முதலியார் இறங்கி வந்தார். ஜாடி ஒரே சீராக இருந்தால் மருந்து மாதிரி அளந்து ஊற்றலாமே, ஆஸ்பத்திரியில் அதற்குக் கோடு போட்ட அவுன்ஸ் கிளாஸ் இருக்கிறது, ஒன்று வரவழைத்துத் தருகிறேன் என்றார் டாக்டர். அதுவரைக்கும் சும்மா நின்றிருந்த என் அண்ணன், "அளந்து ஊத்தினாலும் நூலை மொத்தமா இறக்க முடியாதுங்க. முதல்ல ஒரு சின்ன சிட்டத்தை முக்கி, வெயில்ல காய வெச்சி, கண்ணால பார்த்துட்டு அப்புறம் இறக்கணும்" என்றான். அதற்கு நேரம் ஆகுமே என்றார் முதலியார். "ஆகட்டும்" என்று அண்ணி சொன்னாள். ஒருவர் வார்த்தை தவறினாலும் மறுபடி நாக்குத்தான் வெளியே வரும் என்பது அந்த இடத்தில் எல்லாருக்கும் விளங்கியது. அடுப்பின் எதிரில் நின்று ஒவ்வொருவரும் கற்பூரத்தைத் தொட்டு வாக்குக் கொடுத்தார்கள். டாக்டர் மட்டும் தொடவில்லை. "என் வார்த்தை போதுமாம்மா? மாசம் ஒரு தடவை வந்து எல்லார் வாயையும் பார்ப்பேன்" என்றார். "போதும்ங்க" என்றாள் அண்ணி.

இதோடு எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அளந்து ஊற்றிய முதல் கொப்பரையிலேயே அரக்கு மங்கிப்போய்ச் சோகை பிடித்த மாதிரி வந்தது. முதலியார் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள், நாக்குக் குப்புசாமிக்கு நாக்குப் போய் இப்போது கிளாஸ் வந்துவிட்டது என்று சிரித்தார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். மறுநாள் விடியற்காலையில் அண்ணி அவனை எழுப்பி வேட்டியைக் கையில் கொடுத்து, முதலியாரிடம் போய், "வாக்குக் குடுத்தீங்க. இன்னொரு சிட்டம் குடுங்க" என்று நின்றாள். இன்னொன்றும் சரியாக வரவில்லை. அவள் மறுபடி போய் நின்றாள். இவள் தொல்லை தாங்காமல்தான் அவர் கொடுத்தார் என்று நினைக்கிறேன். கடைசியில் அம்மன் புடவைக்கு ஏற்ற அரக்கு வந்தது. வெயிலில் அந்தச் சிட்டத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு அண்ணன் "ஆச்சு" என்றான். வாயில் ஒன்றும் வைக்காமல் அவன் சொன்ன முதல் 'ஆச்சு' அது.

ஆனால் பழக்கம் இலேசில் போகுமா? அதற்குப் பிறகும் கொப்பரை கொதித்தால் அவன் கை தன்னால் போய் உள்ளங்கையில் சொட்டு விட்டுக்கொள்ளும். பாதி வழியில் நினைவு வந்து இடுப்பு வேட்டியில் துடைத்துவிடுவான். அவன் வேட்டிகள் எல்லாவற்றிலும் இடது பக்கம் ஒரு சாயக் கறை கடைசி வரைக்கும் இருந்தது. துவைக்கிறவள் நான். மாய்ந்து மாய்ந்து தேய்த்தாலும் போகாது. அதற்கும் அண்ணியோடு ஒரு சண்டை போட்டேன். "கறைதானே? இருக்கட்டும்" என்றாள்.

தன் வீட்டு ஆள் பிழைத்தால் போதும் என்று அவள் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. மற்றப் பட்டறைகள் நாக்கால் பார்த்துச் சுருக்காக வேலை முடித்துக் கொடுத்தால் முதலியாரும் எத்தனை நாள் பொறுப்பார் என்று அவளுக்குத் தெரியும். முனிரத்தினத்தின் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு சாயக்காரர் வீட்டுக்கும் போனாள். அண்ணி பேசவே வேண்டாம், அந்த அம்மாள் தாலியில்லாமல் பக்கத்தில் நின்றதே போதுமாயிருந்தது. சாயக்காரர்களின் பெண்டாட்டிகள் பிடிபிடியென்று பிடிக்க, ஒவ்வொரு பட்டறையாக அவுன்ஸ் கிளாஸ் ஏறியது. சாயக் கையோடு பட்டறைக்குள் சோறு தின்னக் கூடாது, வெளியே வந்து கை கழுவிவிட்டுத்தான் தின்னவேண்டும் என்பதையும் அந்தப் பெண்களே சட்டமாக்கினார்கள். டாக்டர் மாசம் தவறாமல் வந்து வரிசையாக நிற்க வைத்து வாயைப் பார்த்தார். என் அண்ணன் வாயைப் பார்த்துப் புண் ஆறிவிட்டது என்றார். ருசி திரும்புமா என்று அண்ணி கேட்டாள். "அதை நான் சொல்ல முடியாதும்மா, கடவுள் விட்ட வழி" என்றார்.

கடவுள் விட்ட வழி என்று விடுகிறவளா அவள்? அடுத்த அமாவாசையன்று குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டாள். நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் துள்ளினேன். அவள் என் காலை மிதித்தாள். அண்ணன் ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாசத்துக்கு ஒரு அமாவாசை, ஒவ்வொரு அமாவாசைக்கும் அதே உப்புக் குழம்பு. அவனுக்கு மட்டும் தனியாக எடுத்து உப்பைப் போடக் கூடாதா என்று கேட்டால், தனியாகப் போட்டால் அவன் கண்டுபிடித்துவிடுவானாம், எல்லாரும் அதையே சாப்பிட வேண்டுமாம். என்ன கொடுமை இது! அவன் "நல்லாத்தான் இருக்குது" என்பான். அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் சோறு போடுவாள். அவன் போன பிறகு பாத்திரத்தைக் கழுவுகிற சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்கும். ஒரு வருஷத்துக்கு மேல் இது நடந்தது. விட்டுத் தொலையேன், ஆள் பிழைத்தது போதாதா என்று நான் சொல்லாத நாளில்லை. "அது அவரோட நாக்கு. வரும்" என்பாள்.

அப்படி ஒரு ஆடி அமாவாசை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் குழம்பைப் பிசைந்து ஒரு கவளம் வாயில் வைத்தான். வைத்தவன் மெல்லுவதை நிறுத்தினான். அவன் முகம் கோணியது. இலையை அப்படியே தள்ளினான்.

"இன்னாடி இது? உப்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினியா? மனுஷன் தின்னுவானா இதை?"

அண்ணி கையில் கரண்டியோடு நின்றாள். "இன்னொரு தபா சொல்லுங்க" என்றாள்.

"உப்புடீ! உப்பு கரிக்குது! காது கேட்கலையா உனக்கு?"

முனிரத்தினம் வீட்டில் அழாதவள், பட்டறையில் அத்தனை ஆம்பளைகள் நடுவில் அழாதவள், அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்து கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழம்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மெல்ல விளங்கியது போலிருக்கிறது. தள்ளிய இலையைத் தானே இழுத்துக்கொண்டு, அந்தக் குழம்பையே இன்னொரு கவளம் எடுத்து வாயில் வைத்து, "கரிக்குது, தில்லை. நல்லாவே கரிக்குது" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டான்.

என் இலையிலும் அதே குழம்புதான் இருந்தது. நாக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அன்றைக்கு மட்டும் நான் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இலையில் இருந்ததைக் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.